எரிபாடு: தீ அணைந்த காட்டுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் ஆங்கில-தமிழ்க் காட்டுத்தீ சொற்பட்டியலில் 'பர்ன் சிவியாரிட்டி'க்கு நேராகத் 'தீயின் தீவிரம்' என்று இருப்பதை மாற்ற வேண்டும். தீவிரம் என்றால், எரியும்போது தீ எவ்வளவு உக்கிரமாக இருந்தது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அது 'இன்டென்சிட்டி'. செயற்கைக்கோள் படத்தில் நாம் அளப்பது, தீ போன பின் காடு எந்த நிலையில் கிடக்கிறது என்பதை.

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். முதுமலைப் பக்கம் எரிந்த ஒரு சரிவை ஏப்ரலில் பார்த்தேன். ஆளுயரப் புல் எரிந்த இடத்தில் சுவாலை மரத்தின் பாதிக்கு எழுந்தது என்று தீ அணைத்தவர்கள் சொன்னார்கள். தேக்கின் பட்டை கருத்திருந்தது. ஆனால் ஒரே ஒரு கோடைமழைக்குப் பின் தரையெல்லாம் பச்சைத் துளிர். சற்றுத் தள்ளி, விழுந்து கிடந்த மரம் ஒன்று சுவாலையே இல்லாமல் இரண்டு நாள் புகைந்திருக்கிறது. அங்கே மண் செங்கல் நிறத்துக்கு வெந்து, ஒரு புல்கூட முளைக்கவில்லை. தீவிரம் கூடிய இடத்தில் கேடு குறைவு, தீவிரம் குறைந்த இடத்தில் கேடு அதிகம். ஒரே சொல்லால் இதை எப்படி எழுதுவது?

அளக்கும் முறை எளிது. உயிருள்ள இலை அண்மை அகச்சிவப்பை (சிவப்புக்கு அடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒளி) நன்றாகத் திருப்பி அனுப்பும். எரிந்து காய்ந்த தரை சிற்றலை அகச்சிவப்பைக் கூடுதலாக அனுப்பும். ('சிற்றலை' வானொலி கேட்டவர்களுக்குப் பழகிய சொல், அதையே வைத்துக்கொள்வோம்.) இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண். தீக்கு முந்தைய எண்ணிலிருந்து பிந்தையதைக் கழித்தால் நமக்கு வேண்டிய அளவு. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்களிலிருந்து இதை 20 மீட்டர் கட்டங்களில் பெறலாம். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் 10,000 ஏக்கருக்கு மேல் எரிந்ததாகக் கணக்கிட்டதும் செயற்கைக்கோள் படங்களை வைத்துத்தான்.

வறண்ட இலையுதிர்காட்டில் ஒரு சிக்கல் உண்டு. தீக்காலமும் இலையுதிர்காலமும் ஒன்றே. ஜனவரிப் படத்தையும் மார்ச் படத்தையும் ஒப்பிட்டால், தீயே படாத காடும் எரிந்தது போலக் காட்டும். அதனால் தீக்குச் சில நாள் முந்தைய படம் வேண்டும். நம் சொல்லும் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். 'தீச்சேதம்' என்ற பரிந்துரையை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். படம் காட்டுவது மாற்றத்தை மட்டுமே. சேதம் என்பது இழப்பைப் பற்றிய தீர்ப்பு. அதைக் காட்டுக்குள் போய்ப் பார்த்தவர் சொல்லட்டும். 'கருகல்' நல்ல சொல், ஆனால் நெல்லின் இலைக்கருகல் நோய் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. 'தீக்காயம்' என்றதும் மருத்துவமனை வார்டுதான் கண்முன் வருகிறது.

என் பரிந்துரை 'எரிபாடு'. இடிந்தபின் இருப்பது இடிபாடு. எரிந்தபின் இருக்கும் நிலை எரிபாடு. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வேற்றுமை ஏற்கும்போதும் தடுமாறாது: எரிபாட்டளவு, எரிபாட்டு வரைபடம், மிகை எரிபாடு, குறை எரிபாடு. 'இன்டென்சிட்டி'க்குத் 'தீவிரம்' அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், 'பர்ன் ஸ்கார்', அதாவது எரிந்த இடம் படத்தில் கருப்பாகத் தெரியும் தடம். 'தீவடு' என்று எழுதியிருக்கிறோம். வடு என்றால் மாறாதது. புல்காட்டில் அந்தக் கருப்பு சில வாரங்களில் மறைந்துவிடும். மேகமூட்டத்தில் நாலைந்து படம் தவறினால் எரிந்த சுவடே தெரியாது. மழையில் அழியும் காலடித்தடம் போல 'கரித்தடம்' என்று சொல்லலாம் என நினைக்கிறேன். மரமே மொட்டையாகி ஆண்டுக்கணக்கில் தெரியும் இடங்களுக்கு மட்டும் 'தீவடு' என்பதை வைத்துக்கொள்ளலாம்.

'எரிபாடு' வேறு துறையில் வேறு பொருளில் வழங்குகிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இல்லையென்றால் பட்டியலில் மாற்றிவிடுகிறேன்.