இரங்கல் பாடல்களில் பூ, நிலா, மலை: பாடல்கள் சொல்லி உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் நூலக வாசகர் கூட்டத்தில் இழப்பைப் பேசும் கவிதைகளைப் பற்றி அடுத்த மாதம் நான் பேச வேண்டும், புறநானூற்றிலிருந்து இரண்டு பாடல்களை எடுத்து வைத்திருக்கிறேன், அதற்கு மேல் உங்கள் உதவி தேவை.

ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது, பாரி மகளிர் பாடிய 'அற்றைத் திங்கள்' (112). நிலா அதேதான், தந்தையும் இல்லை, குன்றும் இல்லை.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது மற்றது, ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபின் குடவாயிற் கீரத்தனார் பாடிய 242. இளையோர் சூடவில்லை, வளையணிந்த பெண்கள் கொய்யவில்லை, பாணனும் பாடினியும் தொடவில்லை, சாத்தன் மாய்ந்த பிறகு 'முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே' என்று பூவையே கேட்கிறார். அகப்பாடல்களில் கார்காலத்து முல்லை பூத்தால் போன தலைவன் திரும்பி வருவான் என்று காத்திருப்பார்கள் இல்லையா, அந்தப் பூ இங்கே வரவே முடியாதவனுக்காகப் பூத்து நிற்கிறது என்றுதான் நான் வாசிக்கிறேன். அதனால்தான் அந்தக் கேள்வி அவ்வளவு வலிக்கிறது.

இப்படி வாசிப்பது சரியா? உரையாசிரியர்கள் யாராவது இதைத் தொட்டிருக்கிறார்களா? அப்புறம், செடி, மழை, கடல் எதையாவது பார்த்து இதே மாதிரி கேள்வி கேட்கும் நவீனக் கவிதைகள், முக்கியமாக ஈழக் கவிதைகள், தெரிந்தால் கவிஞர் பெயரும் தொகுப்பின் பெயரும் சேர்த்துச் சொல்லுங்கள், நூலகத்தில் தேடி எடுத்துக்கொள்கிறேன்.