காற்று அடித்தால் சிக்னல் மஞ்சள் மினுக்கலுக்குப் போய்விடுகிறது: எங்கே பார்ப்பது?

காங்கேயத்தான்:

வணக்கமுங்க. சிக்னல் வயரிங் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே ஒரு நால்ரோடு. அங்கே இருந்த பழைய பல்பு சிக்னலை எல்.இ.டி.க்கு மாற்றும் வேலையில் வயரிங் என் பொறுப்பு. கம்பங்கள் பழையவை. ரோட்டுக்கு அடியில் பைப்பில் ஓடும் 14 கோர் (உள்ளே 14 தனிக் கம்பி) ஆர்மர்டு (மேலே இரும்புக் கவசம்) கேபிளும் பழையதுதான். அதை மாற்ற ஒப்பந்தத்தில் இடமில்லை. விளக்கு மாட்யூல்கள் 300 மி.மீ., 230 வோல்ட் ஏ.சி., ஒவ்வொன்றும் 12 வாட். கன்ட்ரோலர் புதியது. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பச்சை சேர்ந்து எரிந்தால் பிடிக்கிற மானிட்டர் கார்டு அதில் இருக்கிறது.

மாட்டிக் கொடுத்தபோது நன்றாக ஓடியது. ஆடி பிறந்ததிலிருந்து தொல்லை. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நான்கு பக்கமும் மஞ்சள் மினுக்க ஆரம்பித்துவிடும். கன்ட்ரோலர் தானே குறித்து வைக்கும் பதிவில் (லாக்கில்) 'குரூப் 3 பச்சை முரண்' என்று பதிவாகிறது. குரூப் 3 தாராபுரத்திலிருந்து வரும் வண்டிகளுக்கு. அதில் இரண்டு செட் விளக்கு: ரோட்டுக்கு மேல் நீளும் கைக் கம்பத்தில் ஒன்று, ஓரத்துக் குட்டைக் கம்பத்தில் ஒன்று. ரீசெட் செய்தால் மறுபடி ஓடும்.

அளந்து பார்த்ததில், பச்சை அணைந்திருக்கும்போதும் டெர்மினலில் 40 வோல்ட் காட்டுகிறது. நான்கு குரூப்பிலும் அப்படித்தான். இரவில் பார்த்தால் அணைந்த பச்சை லேசாக மினுங்குவது தெரிகிறது. குரூப் 3 பச்சைக்கு இணையாக ஒரு பழைய 100 வாட் பல்பைப் போட்டால் 1 வோல்ட்கூட இல்லை, பல்பு இருக்கும்வரை மஞ்சளுக்கும் போகவில்லை. கார்டை மாற்றியும் பார்த்தாயிற்று, அதே கதை.

தேங்காய் லாரியும் நெல் லாரியும் நிற்காமல் போகிற ரோடு. மானிட்டர் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டு என்று மேலிருந்து நெருக்குகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பவானிக்கரை:

கேபிள் பழையது என்கிறீர்கள், எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான். மீடியனுக்குள் எங்காவது ஜாயிண்ட் அடித்து டேப் சுற்றிப் புதைத்திருப்பார்கள். ஈரம் இறங்கினால் ஒரு கோரிலிருந்து பக்கத்துக் கோருக்குக் கசியும். மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) போட்டுப் பாருங்கள். அதுவரைக்கும் மானிட்டரை ஆஃப் செய்து ஓட்டினால் ஒன்றும் ஆகிவிடாது, சில இடங்களில் அப்படித்தான் ஓடுகிறது.

சென்னிமலை வயர்மேன்:

மெக்கர் யோசனை சரி. மானிட்டரை மட்டும் தொடாதீர்கள் தம்பி.

மஞ்சள் மினுக்கினால் வண்டிக்காரர் வேகம் குறைத்து இரண்டு பக்கமும் பார்த்துப் போவார். நெரிசல் ஆகும், திட்டுவார்கள், அவ்வளவுதான். பச்சை எரிந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், பார்க்க வேண்டியதில்லை என்று சொல்வதற்குத்தானே அந்தப் பச்சை. எக்ஸ்எல் வண்டியில் பிள்ளையை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு வருகிறவரும் அதை நம்பித்தான் வருகிறார். அதே நேரம் குறுக்கே லாரிக்கும் பச்சை எரிந்தால் பிரேக் பிடிக்கக்கூட நேரம் இருக்காது. எரியக்கூடாத இடத்தில் வோல்டேஜ் இருக்கிறது என்று கார்டு சொல்கிறது. உங்கள் மீட்டரும் அதையே சொல்கிறது. கார்டை மாற்றியும் அதே பேச்சு என்றால் அது பொய் சொல்லவில்லை. கழற்றச் சொல்கிறவர்களிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். தர மாட்டார்கள்.

மெக்கர் போடும்போது கேபிளின் இரண்டு முனையையும் கழற்றிவிட வேண்டும். கன்ட்ரோலரோ மாட்யூலோ மாட்டியபடியே 500 வோல்ட் விட்டால் அத்தனையும் போய்விடும். இன்னொன்று: ஈ.பி. எம்.சி.பி.யை இறக்கினால் மட்டும் போதாது. யு.பி.எஸ். இருந்தால் லைனில் 230 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். அதையும் அணைத்து, டெஸ்டரை நம்பாமல் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

கோவை போர்டு சர்வீஸ்:

40 வோல்ட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விளக்கை எரிக்கும் டிரையாக் என்ற எலக்ட்ரானிக் பாகம் அணைந்தாலும், சுவிட்ச் மாதிரி முழுதாகத் துண்டிப்பதில்லை. அதற்கு இணையாக ஸ்னப்பர் என்று ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். 0.1 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸில் அதன் வழியாக 7 மில்லி ஆம்பியர் வரை போகும். போதாததற்கு ஒரே கேபிளில் எரிகிற கோரும் அணைந்த கோரும் பக்கத்தில் பக்கத்தில் நெடுந்தூரம் ஓடுவதால், தொடாமலே கொஞ்சம் ஏறும். பழைய 100 வாட் பல்பின் இழை ஆறியிருக்கும்போது சுமார் 40 ஓம்தான், அந்தக் கசிவை அது அப்படியே நியூட்ரலுக்கு இறக்கிவிடும். எல்.இ.டி. மாட்யூலுக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் அப்படி இழுக்காது. அதனால் வோல்டேஜ் நிற்கிறது, இரவில் மினுங்குகிறது.

ஆனால் அந்த 40 வோல்ட் நான்கு குரூப்பிலும் இருக்கிறது என்கிறீர்கள். கார்டு பிடிப்பது மூன்றாவதை மட்டும். அப்படியானால் 40 அல்ல காரணம், அதற்கு மேல் என்னவோ அவ்வப்போது வந்து போகிறது. பல்பு போட்டால் சரியாகிறது என்பதை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். வோல்டேஜ் எந்த வழியாக வந்தாலும் பல்பு அதைக் கீழே இழுத்துவிடும், வழி எது என்று காட்டாது.

மூன்று விஷயம் சொல்லுங்கள். கார்டு எத்தனை வோல்ட்டுக்கு மேல் 'எரிகிறது' என்று எடுத்துக்கொள்ளும்? லாக்கில் எந்தெந்த மணிக்குப் பதிவாகியிருக்கிறது? குரூப் 3 சிவப்பு எப்போதாவது துடிப்பதை யாராவது பார்த்தார்களா?

சிவில் தம்பி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். கோவை லாலி ரோட்டில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா போட்டார்களே, இங்கேயும் அப்படிச் செய்ய முடியாதா?

காங்கேயத்தான்:

அதெல்லாம் என் கையில் இல்லைங்க. இடமும் குறுகல். காற்றாலை இறக்கை ஏற்றி வரும் நீள டிரெய்லர் அங்கே ரவுண்டானாவில் திரும்பவே முடியாது.

மற்ற கேள்விகளுக்கு: கார்டின் கையேட்டில் 90 வோல்ட் என்று போட்டிருக்கிறது. மெக்கர் போட்டாயிற்று. கோருக்கும் கோருக்கும் நடுவே, கோருக்கும் ஆர்மருக்கும் நடுவே, எல்லாமே 20 மெகா ஓமுக்கு மேல், அதாவது கசிவு இல்லை. மழையும் இல்லை, இந்தப் பக்கம் ஆடியில் காற்று மட்டும்தான். ஜாயிண்ட்டே இல்லாத கேபிள் என்பதும் தெரிந்துவிட்டது.

லாக்கைப் பிரித்துப் பார்த்தால் விடியற்காலையில் ஒன்றுமே இல்லை. மதியம் தொடங்கிச் சாயங்காலம் வரை குவிந்து கிடக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இங்கே ஓங்கி அடிக்கிற நேரம் அது. எதிரே பேக்கரி வைத்திருக்கும் அண்ணனைக் கேட்டேன். காற்று வேகமாக இருந்தால் மேலே இருக்கிற சிவப்பு ஒரு தரம் துடிக்கும், உடனே நாலு பக்கமும் மஞ்சளாகிவிடும் என்கிறார். குட்டைக் கம்பத்துச் சிவப்பு துடிப்பதில்லையாம்.

சென்னிமலை வயர்மேன்:

கிடைத்துவிட்டது தம்பி. கைக் கம்பத்தின் நியூட்ரலைப் பாருங்கள். அது விட்டு விட்டுப் பிடிக்கிறது.

எப்படி என்றால், கைக் கம்பத்து நியூட்ரல் கழன்ற அந்த நொடியில் சிவப்புக்குப் பேஸ் போய்க்கொண்டிருக்கிறது, திரும்பி வரத்தான் வழியில்லை. அந்தக் கம்பத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றுக்கும் நியூட்ரல் ஒன்றாகக் கட்டியிருக்கும். கரன்ட் சிவப்பைத் தாண்டி அந்தக் கட்டுக்கு வந்து, பச்சை மாட்யூலுக்குள் பின்பக்கமாக நுழைந்து, பச்சைக் கோருக்கு ஏறுகிறது. அந்தக் கோர் குட்டைக் கம்பத்துப் பச்சைக்கும் போகிறது அல்லவா, அங்கே நியூட்ரல் நன்றாக இருக்கிறது. அதன் வழியாகச் சுற்று முடிகிறது. ஆக மூன்று மாட்யூல் வரிசையாகத் தொங்குகின்றன. ஏற்கெனவே நிற்கும் கசிவோடு இதுவும் சேர்ந்தால் பச்சை டெர்மினலில் 90-ஐத் தாண்ட வாய்ப்பு உண்டு. மூன்றாம் பக்கம் சிவப்பு என்றால் வேறு ஒரு பக்கம் பச்சை ஓடிக்கொண்டிருக்கும். கார்டுக்கு அது இரண்டு பச்சை. மஞ்சள் வழியாகவும் இதேபோல் ஏறும், ஆனால் அதைக் கார்டு முரணாக எடுக்காது.

பல்பு இருந்த காலத்தில் இதே தளர்வு இருந்திருந்தால் மூன்று பல்பும் அழுது வடிந்திருக்கும், ரோட்டில் போகிறவரே சொல்லியிருப்பார். இப்போதைய எல்.இ.டி. டிரைவர் சர்க்யூட்கள் பல 85 வோல்ட்டிலிருந்தே முழு வெளிச்சம் தந்துவிடுகின்றன. அதனால் நியூட்ரல் கருகிக்கொண்டிருந்தாலும் வெளியே தெரிவதில்லை.

சோதிக்க: கேபிளில் சும்மா இருக்கும் ஒரு கோரைக் கன்ட்ரோலர் பக்கம் நியூட்ரல் லிங்க்கில் மாட்டுங்கள். கம்பத்தடிப் பெட்டியில் அந்தக் கோருக்கும் கம்பத்து நியூட்ரலுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். சிவப்பு எரியும்போது கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்ட வேண்டும். அப்புறம் ஒருவரை ஏணி வண்டியில் ஏற்றிக் கம்பத்தின் கையை ஆட்டச் சொல்லுங்கள். போலீஸ்காரரை நிறுத்தி அந்தப் பக்கம் வண்டி வராமல் பார்த்துக்கொண்டு செய்யுங்கள். லைனோடு செய்கிற சோதனை, பெட்டிக்குள் மீட்டர் முனை தவிர வேறெதுவும் போகக்கூடாது. தொடங்கும் முன் கம்பத்துக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆடு மாடு உரசுகிற கம்பம் அது.

காங்கேயத்தான்:

அண்ணா, சரியாக அதுதான்.

மீட்டர் பூஜ்யத்தில் நின்றது. கையை ஆட்டியதும் 120, 140 என்று குதித்தது. நியூட்ரலையே இரண்டாகப் போட்டதுபோல ஒரு ஜம்பர் வயர் கொடுத்துவிட்டு ஆட்டினால் மீட்டர் அசையவே இல்லை. லைனை முழுக்க அணைத்து, பெட்டியைக் கழற்றிப் பார்த்தோம். மேலே இருந்து வரும் வயர் கம்பத்துக்குள் எங்கேயும் கட்டப்படாமல் தொங்குகிறது. அத்தனை எடையும் டெர்மினல் ஸ்கிரூவின் மேல்தான். காற்றில் கம்பம் ஆட ஆட வயரும் உள்ளே ஆடி, ஸ்கிரூ இளகியிருக்கிறது. பிரி வயரை லக் (வயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) இல்லாமல் அப்படியே நுழைத்து முறுக்கியிருந்தார்கள். நுனி கறுத்துப்போய், தொட்டால் உதிர்கிறது.

கறுத்ததை வெட்டி எறிந்து, லக் கிரிம்ப் செய்து, ஸ்பிரிங் கிளாம்ப் டெர்மினலுக்கு மாற்றினோம். வயருக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கிளாம்ப் கொடுத்து எடையைத் தாங்க வைத்தோம். சோதனைக்கு எடுத்த சும்மா கோரையே இரண்டாவது நியூட்ரலாக நிரந்தரமாகக் கட்டிவிட்டேன். மற்ற மூன்று கைக் கம்பங்களையும் திறந்து பார்த்ததில் ஒன்றில் இதே நிலை ஆரம்பித்திருந்தது, அதையும் சேர்த்து முடித்தாயிற்று. அதன்பின் காற்று நன்றாகவே அடித்தது, லாக் சுத்தமாக இருக்கிறது.

இரவில் மினுங்குகிற அந்த 40 வோல்ட்டுக்கு என்ன செய்வது? ரெசிஸ்டர் போடலாமா?

கோவை போர்டு சர்வீஸ்:

இப்போது போடலாம். நியூட்ரலைச் சரிசெய்யும் முன் போட்டிருந்தால் அந்தக் கோளாறு வெளியே தெரியாமலே வளர்ந்திருக்கும்.

முதலில் மீதமிருக்கும் சும்மா கோர்களை மிதக்க விடாமல் கன்ட்ரோலர் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். கோருக்குக் கோர் ஏறுவது அதிலேயே குறையும். பிறகு அளந்து பார்த்துத் தேவைப்பட்டால் பச்சைக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு லோடு. 4.7 கிலோ ஓம் என்றால் பச்சை எரியும்போது அதில் மட்டும் 11 வாட் சூடாகப் போகும், 25 வாட் வயர்வவுண்ட் (கம்பி சுற்றிய) ரெசிஸ்டர் வேண்டும். மாட்யூல் எடுக்கிற அளவு கரன்ட்டை ரெசிஸ்டரும் எடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கன்ட்ரோலர் தயாரிப்பாளரிடம் இதற்கென்றே லோடு கார்டு இருக்கிறதா என்று கேளுங்கள். எதுவானாலும் கன்ட்ரோலர் பெட்டிக்குள், காற்றோட்டமான இடத்தில். கம்பத்துப் பெட்டியில் வேண்டாம்.

சென்னிமலை வயர்மேன்:

தம்பி, எந்தக் கோர் நம்பர் இரண்டாவது நியூட்ரல், எவை எர்த் என்று எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கன்ட்ரோலர் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து வருகிறவர் அந்தக் கோரைச் சும்மா கிடக்கிறது என்று நினைத்துப் பேஸ் கொடுத்துவிடக் கூடாது.