தறி நின்றபோது விழிக்காத குழந்தை: காக்லியர் இம்ப்ளாண்டுக்குக் காத்திருக்கும் எங்கள் அனுபவம்

சோமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய்:

வீட்டை ஒட்டிய கொட்டகையில் கூலிக்கு நெய்யும் நான்கு விசைத்தறிகள் எங்களுடையவை. எங்கள் மகளுக்கு இப்போது இரண்டு வயது எட்டு மாதம். இரண்டு காதுகளிலும் மிகக் கடுமையான கேட்புக் குறைபாடு இருப்பது பதினேழாம் மாதத்தில்தான் தெரிந்தது. உள்காதில் அறுவை சிகிச்சை செய்து பொருத்தும் காக்லியர் இம்ப்ளாண்ட் கருவிக்காக இப்போது காத்திருக்கிறோம். அவ்வளவு தாமதம் ஏன் ஆனது என்பதை, எங்களைப் போன்ற தறிவீட்டுப் பெற்றோர் யாரேனும் படிக்கக்கூடும் என்பதற்காக விரிவாகவே எழுதுகிறேன்.

தறிச் சத்தத்திலேயே வளரும் பிள்ளைகள் தறி ஓடும்போது நன்றாகத் தூங்குவார்கள். மின்சாரம் போய் எல்லாத் தறிகளும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டால், திடீரென்று வந்த அந்த அமைதியில் விழித்து அழுவார்கள். என் நாத்தனார் மகன் அப்படித்தான் எழுவான். பக்கத்துத் தொட்டிலில் கிடக்கும் என் மகள் அசையவே மாட்டாள். சமத்துக் குழந்தை என்று எல்லோரும் மெச்சினோம். எனக்கு ஓரிரு முறை மனத்தில் உறுத்தியது உண்மை. ஆனால் தறியை ஓட்டிவிட்டதும் தரையில் உட்கார்ந்திருக்கும் அவள் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். அதைக் கண்டு என் சந்தேகத்தை நானே அடக்கிக்கொண்டேன். அவள் திரும்பியது காதால் கேட்டு அல்ல, தரை வழியே பரவிய அதிர்வை உடம்பால் உணர்ந்து என்று கேட்புத்திறனைப் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் விளக்கிய அன்று, நானும் என் மாமியாரும் பேருந்தில் ஊர் வந்து சேரும்வரை ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை.

அதற்கு முன்பு நாங்கள் பார்த்த மருத்துவர், சில குழந்தைகள் தாமதமாகத்தான் பேசும், மூன்று வயது வரை பொறுத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பியதில் நான்கு மாதங்கள் போயின. குழந்தையைத் தூங்க வைத்து, ஒலிக்குக் கேட்பு நரம்பில் அலை எழுகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனையை அன்றே எழுதிக் கொடுத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது. பிறகு அதை எடுத்தபோது 90 டெசிபல் அளவு உரத்த ஒலிக்குக்கூட அந்த அலை எழவில்லை.

இம்ப்ளாண்டுக்கு முன்பு சில மாதங்களாவது காதுக்கருவி அணிவித்துப் பயிற்சி கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். கருவி பேச்சைப் பெரிதாக்குவது போலவே தறிச் சத்தத்தையும் பெரிதாக்கும் என்பது அதைப் போட்ட மறுநாளே எங்களுக்குப் புரிந்தது; குழந்தை அதைப் பிடுங்கி எறிந்தாள். அப்போது என் மாமியார் தாமாகவே கொட்டகைக்குள் போய், "பத்து மணியிலிருந்து பதினொண்ணு வரைக்கும் தறி நிக்கட்டும், கூலி போனாப் போகுது" என்று சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் நெய்த துணியின் ஒவ்வொரு மீட்டரையும் எண்ணிப் பார்க்கும் வீட்டில் அது சிறிய காரியமல்ல. அந்த ஒரு மணி நேரத்தில் நான் வாயை மறைத்துக்கொண்டு ஒலி எழுப்புவேன். கேட்டால் அவள் கையிலிருக்கும் காலித் தார்க்குச்சியை (ஊடைநூல் சுற்றும் குச்சி) தகர டப்பாவில் போட வேண்டும். 'ஆ', 'ஊ' என்றால் சில நாள் போடுகிறாள். 'ஷ்', 'ஸ்' என்றால் குச்சியைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு என் கண்களையே பார்த்தபடி காத்திருக்கிறாள். அந்த மெல்லிய ஒலிகளைக் கருவியால் அவளுக்குக் கொண்டுசேர்க்க முடியவில்லை என்பதால்தான் இம்ப்ளாண்ட் என்று முடிவானது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை உண்டு. வருமானச் சான்று, ஸ்கேன், மூளைக்காய்ச்சல் வராமல் தடுக்கும் ஊசிகள் எல்லாம் முடிந்து நாளும் குறித்த பிறகு, சளி பிடித்துக் காதில் சீழ் வந்ததால் தள்ளிவைத்துவிட்டார்கள்.

அன்று காத்திருப்புக் கூடத்தில் பேரனுடன் வந்திருந்த கோபிச்செட்டிபாளையத்துப் பாட்டி ஒருவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "ஆப்பரேசன் முடிஞ்ச உடனே கேக்கும்னு நெனைக்காத கண்ணு. எங்க பையன் மொதல்ல அழுதான், அப்பறம் பத்து மாசம் கழிச்சுத்தான் அம்மான்னான்" என்றார். அதுவரை யாரும் எங்களுக்கு இவ்வளவு நேராகச் சொல்லியிருக்கவில்லை. நாளைத் தள்ளிவைத்த அந்தப் பகலில் என்னைத் தாங்கியது அந்தச் சொல்தான்.

திருச்சியிலிருந்து ஒரு தந்தை:

அந்தப் பாட்டி சொன்னது சரி, சகோதரி. என் மகனுக்கு அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் கழித்துத்தான் வெளிக்கருவியைப் பொருத்தி இயக்கினார்கள். நத்தைக்கூடு போன்ற உள்காதுக்குள் வைத்த மின்முனைகள் நரம்பை நேரடியாகத் தூண்டுகின்றன. அந்தத் தூண்டலை இன்ன ஒலி என்று மூளை பழகிக்கொள்வதற்குக் காலம் பிடிக்கிறது. கருவியின் தூண்டல் அளவைக் குழந்தைக்கு ஏற்றபடி அமைக்கும் 'மேப்பிங்' செய்ய அடிக்கடி அழைப்பார்கள், எதையும் தவறவிடாதீர்கள். நீங்கள் இப்போதே பழக்கியிருக்கும் குச்சி விளையாட்டு அங்கே பெரிதும் உதவும், ஏனெனில் ஒலி கேட்டதா என்று குழந்தை காட்டினால் அளவைச் சரியாக வைப்பது எளிதாகும். கருவியை இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். தறிவீட்டில் பஞ்சுத் தூசியும் சேரும் என்பதால் ஒலிவாங்கியின் உறையை எப்படி, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

சோமனூர்ப் பக்கத்துத் தாய்:

பஞ்சுத் தூசியைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை, அண்ணா, மிக்க நன்றி. காதுச் சீழ் வற்றிவிட்டது, அடுத்த வாரம் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டியதும், கொட்டகைக்கும் அறைக்கும் நடுவில் இருக்கும் கதவிடுக்கை அடைக்க என் கணவர் பழைய போர்வையைக் கிழித்துக்கொண்டிருக்கிறார். பத்து மணி ஆகப்போகிறது. மாமியார் தறியை நிறுத்தப் போய்விட்டார். மகள் தார்க்குச்சி டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.