புதுப்பிப்பு: துண்டுகளுக்கு நடுவே தெரிந்த வெள்ளைக் கோடு

போட்டோஷாப்பில் வெட்டிய மின்னஞ்சல் பேனரின் துண்டுகளுக்கு இடையே மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறது என்று இதே இழையில் கேட்டிருந்தேன். தீர்ந்துவிட்டது. வெட்டில் குறையே இல்லை. கோளாறு, துண்டுகளை மடலில் ஓர் அட்டவணையாக அடுக்கும் எச்டிஎம்எல் குறிமுறையில் இருந்தது.

இயல்பாகப் படமும் ஓர் எழுத்தைப் போலவே வரியில் உட்காருகிறது. கு, து போன்றவற்றின் வால் இறங்குவதற்காக வரியின் அடியில் விடப்படும் இடம்தான் கோடாகத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ‘டிஸ்ப்ளே: பிளாக்’ (படத்தை எழுத்தாக அல்லாமல் தனிக் கட்டமாக வைக்கும் அமைப்பு) சேர்த்து, அட்டவணையின் செல்பேடிங் (கட்டத்துக்குள் விடும் இடைவெளி), செல்ஸ்பேசிங் (கட்டங்களுக்கு நடுவே விடும் இடைவெளி), பார்டர் (ஓரக்கோடு) மூன்றையும் 0 ஆக்கினேன். கோடு போயே போய்விட்டது!

போட்டோஷாப்பில் ஸ்லைஸ் (துண்டு) கருவியால் கையால் இழுத்து வெட்டுவதையும் விட்டுவிட்டேன். முதலில் கைடுகளை (வழிகாட்டிக் கோடுகளை) வைத்து, மேல்பட்டையில் உள்ள ‘ஸ்லைசஸ் ஃப்ரம் கைட்ஸ்’ பொத்தானை அழுத்தினால் விளிம்புகள் பிக்சல் பிசகாமல் பொருந்துகின்றன. அடிக்கடி இடம் மாறும் பொத்தான்களுக்கு லேயரை (படத்தின் ஓர் அடுக்கை) ஒட்டிய ஸ்லைஸே மேல்; லேயரை நகர்த்தினால் அதுவும் கூடவே நகரும்.

‘சேவ் ஃபார் வெப்’ சாளரத்தில் துண்டுக்குத் துண்டு கோப்பு வடிவம் மாற்றலாம்: புகைப்படத்துக்கு ஜேபெக், லோகோவுக்கு பிஎன்ஜி-8.

ஒரு வேண்டுகோள்: ஸ்லைஸை இருமுறை சொடுக்கி ‘ஆல்ட்’ உரையையும் (படம் தெரியாதபோது அதன் இடத்தில் வரும் எழுத்து) தயவுசெய்து நிரப்புங்கள். படங்களைத் தடுத்து வைத்திருப்பவர்களுக்கு நம் மடலில் தெரிவது அது மட்டுமே.