வந்தியத்தேவனுக்குக் கார்த்தி சரியா, பிழையா?

உவர்மலை மான்:
நேற்று ரி.வியில பொன்னியின் செல்வன் முதல் பாகம் திரும்பப் போட்டாங்க. பார்த்து முடிய வீட்டில பெரிய சண்டை. நானும் தங்கச்சியும் ஒரு பக்கம், அம்மா தனிய மற்றப் பக்கம். அம்மா சொல்றா, "இது வந்தியத்தேவன் இல்ல. இவனைப் பார்த்தா ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன் மாதிரி இருக்கு."

அம்மா சும்மா சொல்ற ஆள் இல்ல. கல்கிப் பத்திரிகையில வந்ததைக் கிழிச்சுக் கட்டின பைண்டிங் அஞ்சு பாகமும் ஒரு காலத்தில எங்கட வீட்டில இருந்தது. 1990இல ஊரை விட்டு ஓடேக்க போனது போனதுதான். ஆனா எந்த அத்தியாயத்தைக் கேட்டாலும் அவ இப்பவும் சொல்லுவா.

என்ட கட்சி இதுதான்: கார்த்தியை விட்டா ஆள் இல்ல. வந்தியத்தேவனுக்கு வீரம் இரண்டாவது, வாய்தான் முதலாவது. ஆடிப்பெருக்கு அன்றைக்கு வீரநாராயண ஏரிக்கரையில குதிரையில வாறவன், கதை முடியிற வரைக்கும் வாயால வம்பில மாட்டி வாயாலேயே வெளியில வாறான். அந்த வாய் கார்த்திட்ட இருக்கு. நாவலில இருந்து கதாநாயகனைத் தேடுறவங்க மூக்கு முழியைப் பார்க்காம வாயைப் பார்க்கோணும். மாற்றுக் கருத்து இருந்தா வாங்க.

கோட்டைவாசல்:
தம்பி, கார்த்தி நல்ல நடிகர், அதில எனக்குக் கதையில்ல. ஆனா அம்மா சொல்றது சரி. 1950 தொடங்கி 1954 வரைக்கும் கிழமைக்குக் கிழமை ஓவியர் மணியம் கீறின படத்தோடதான் அந்தக் கதை வீட்டுக்குள்ள வந்தது. அந்தக் காலத்து ஆக்களுக்கு வந்தியத்தேவனுக்கு முகம் அப்பவே வந்திட்டுது. எழுபது வருசம் கழிச்சு வேற முகத்தைக் கொண்டுவந்து "இதுதான் அவன்" எண்டா மனம் எப்படி ஒப்பும்?

எம்.ஜி.ஆர் 1958இலேயே உரிமையை வாங்கி அறிவிச்சவர், தெரியுமா? அவர் நடிச்சிருக்கோணும். குதிரை, வாள், அந்தச் சிரிப்பு. எல்லாம் இருந்தது. எங்கட துரதிர்ஷ்டம், நடக்கல்ல.

உவர்மலை மான்:
அண்ணன், கணக்குப் பாருங்க. எம்.ஜி.ஆர் பிறந்தது 1917. 1958இல அவருக்கு 41. கார்த்தி பிறந்தது 1977, படப்பிடிப்புத் தொடங்கினது 2019 கடைசியில, அப்ப அவருக்கு 42. ஒரு வயசு வித்தியாசம்! எம்.ஜி.ஆர் எண்டா வாலிபன், கார்த்தி எண்டா ரெண்டு பிள்ளைக்குத் தகப்பனா?

கோட்டைவாசல்:
எம்.ஜி.ஆரோட ஆரையும் ஒப்பிடாதீங்க. அவ்வளவுதான்.

நிலாவெளி ரீ கடை:
😂 வாதம் முடிஞ்சுது, எல்லாரும் எழும்பிப் போங்க

கொட்டியாரம்:
வயசுக் கதையெண்டா வந்தியத்தேவனை மட்டும் ஏன் பிடிக்கிறீங்க? குந்தவை அருள்மொழிக்கு அக்கா. நதியில விழுந்த தம்பியை நினைச்சுத் தவிக்கிற அக்கா. படத்தில த்ரிஷா பிறந்தது 1983, ஜெயம் ரவி 1980. அக்கா தம்பியை விட மூணு வயசு இளமை! எங்கட வீட்டில ஒருத்தரும் அதைக் கவனிக்கவேயில்ல. ஏனெண்டா த்ரிஷா நிக்கிற நிலையில, கண்ணைத் திருப்புற விதத்தில அக்கா இருந்தா. வயசு சேர்டிபிக்கட் பார்த்து ஆள் எடுக்கிறது அரசாங்க உத்தியோகத்துக்குச் சரி.

நான் உவர்மலைத் தம்பி பக்கம், ஆனா ஒரு இடத்தில இல்ல. வாய் மட்டும் வந்தியத்தேவன் இல்ல. அவன் நாடு இழந்த வாணர் குலத்துப் பிள்ளை. ஒரு குதிரை, ஒரு வாள், அதுக்கு மேல கையில ஒண்டும் இல்லாதவன். பகிடி விடுறதே அந்த வெறுமையை மூடத்தான். படத்தில பகிடி மட்டும் வந்தது, வெறுமை வரல்ல. முழுப் பழியையும் கார்த்தியில போட ஏலாது. அதுக்கு நேரம் குடுக்கல்ல.

கிண்ணியாக் கரை:
நான் புத்தகம் படிச்சது ஒரே ஒரு தரம், அதுவும் இரவல். ஆனா கடல் தெரியும். வாப்பா தோணி, நான் போட்.

வந்தியத்தேவனுக்கு நீந்தத் தெரியாது, கோடிக்கரையில புதைசேத்துக்குள்ள மாட்டினவனை ஓடக்காரி பூங்குழலிதான் இழுத்தெடுக்கிறா, நடுக்கடல்லயும் அவதான் காப்பாத்துறா. குதிரையில சிங்கம் மாதிரி இருக்கிறவன் தோணியில ஏறினா கோழிக்குஞ்சு. அதை நடிக்கிறதுக்குக் கொஞ்சம் வெக்கம் கெட்ட மனுசன் வேணும். பெரிய ஹீரோக்கள் பயந்த மாதிரி நடிக்க மாட்டாங்க, பயந்தாலும் ஸ்டைலா பயப்படுவாங்க. கார்த்தி உண்மையாவே பயந்தாரு. அதுக்கு நான் மார்க் போடுறன்.

என்ட குறை பூங்குழலியிலதான். முகம் நல்ல முகம். ஆனா துடுப்புப் போடுறது அப்படியில்லை நானாமாரே. கடல்ல வலிக்கிறவங்க கையால மட்டும் வலிக்கிறதில்ல, முதுகு போய் வரோணும், கால் பலகையை உதைக்கோணும். ஐஸ்வர்யா லட்சுமி பாட்டுக்கு வலிச்ச மாதிரி வலிச்சாங்க. எங்கட பக்கத்துப் பிள்ளை ஒண்டைக் கூப்பிட்டு ஒரு கிழமை கரையில விட்டிருக்கலாம்.

கோட்டைவாசல்:
கிண்ணியா நானா, நடிகைக்கு வலிக்கத் தெரியோணும் எண்டா, நந்தினிக்கு நஞ்சு வைக்கத் தெரியோணுமா?

கிண்ணியாக் கரை:
நஞ்சு வைக்கிறது ஆருக்கும் தெரியாது சேர், அதால பொய் சொல்லலாம். துடுப்பு எங்க எல்லாருக்கும் தெரியும்.

வாசிகசாலை:
கிண்ணியா நண்பர் தொட்ட இடம் முக்கியமானது. தில்லானா மோகனாம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர், கோபுலுவின் ஓவியங்களோடு வந்தது. அங்கும் வாசகர்களுக்கு முகம் முன்பே இருந்தது. 1968இல் படமானபோது நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி வந்தார். சிவாஜிக்கு நாதஸ்வரம் வாசிக்கத் தெரியாது. வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் அந்தக் கன்னம் உப்புவதும் மூச்சுப் பிடிப்பதும் விரல் ஓடுவதும் பார்த்து, நாதஸ்வரக் குடும்பத்துப் பெரியவர்களே குறை சொல்லாமல் ரசித்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். கோபுலுவின் படத்தை அந்த மூச்சு அழித்துவிட்டது. ஆகவே கோட்டைவாசல் சொல்வதுபோல் பழைய ஓவியம் அழியாதது அல்ல. அழிக்கிற நடிகர் வரவேண்டும்.

இன்னொன்று. எல்லா இயக்குநரும் நாவலின் நாயகனுக்கு நடிகர் தேடுவதில்லை. சிலர் நடிகருக்காக நாயகனையே மாற்றுகிறார்கள். பூமணியின் வெக்கை கதையில் நடுவில் நிற்பவன் சிதம்பரம், பதினைந்து வயதுப் பையன். அதைப் படமாக்கிய அசுரனில் நடுவுக்கு வந்தவர் தகப்பன். தனுஷுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. படம் பிடித்திருந்தது. ஆனால் வெக்கையின் நாயகனுக்கு இன்னும் நடிகர் கிடைக்கவில்லை என்றே நான் சொல்வேன்.

உவர்மலை மான்:
சேர், அப்ப முள்ளும் மலரும்? உமாசந்திரனின்ட நாவல் வாசிச்ச ஆக்கள் எத்தனை பேர் இண்டைக்கு இருக்கிறாங்க? காளி எண்டா ரஜினி, அவ்வளவுதான். தயாரிப்பாளர் விரும்பல்ல, இயக்குநர் மகேந்திரன் பிடிவாதமா நிண்டு ரஜினியைப் போட்டதா சொல்லுவாங்க. அதே மகேந்திரன்தான் எம்.ஜி.ஆருக்காகப் பொன்னியின் செல்வனுக்குத் திரைக்கதை எழுதினவர். கோட்டைவாசல் அண்ணன், உங்கட ஆளுக்கு எழுதின மனுசன்தான் முகத்தைப் பார்க்காம ஆளைத் தெரிஞ்சவர்!

கோட்டைவாசல்:
தம்பி நீங்க கதை வாசிச்சீங்களா, இல்ல யூரியூப்பில சுருக்கம் கேட்டீங்களா? காளி தொழிலாளி, ரஜினி தொழிலாளி மாதிரி இருந்தார், பொருந்தினது. வந்தியத்தேவன் கல்வெட்டில இருக்கிற ஆள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில குந்தவையின்ட கணவனா வல்லவரையன் வந்தியத்தேவன் பேர் வெட்டியிருக்கு. சரித்திரத்தில வாழ்ந்தவனுக்கு ஒரு மரியாதை இருக்கு.

கொட்டியாரம்:
கல்வெட்டில பேர் இருக்கு, மூக்கு இல்லையே அண்ணன்.

சரித்திரம் எண்டு வந்தபடியால் சொல்றன். இங்க திருகோணமலைப் பெரியகுளத்தில வெல்கம் விகாரை இருக்கெல்லோ, அங்க தமிழ்க் கல்வெட்டுகளில "இராசராசப் பெரும்பள்ளி" எண்டு இருக்கு. அருள்மொழிதான் பிறகு இராசராசன். பொன்னியின் செல்வனின்ட பேரில ஒரு பௌத்தப் பள்ளி, எங்கட வாசலில. கதையில அருள்மொழி அநுராதபுரத்தில விகாரைகளைத் திருத்துவிக்கிறான், பிக்குமார் சிங்களச் சிம்மாசனத்தைத் தாறம் எண்டாலும் வேண்டாம் எண்டுறான். அதை வாசிக்கேக்க எனக்குப் பெரியகுளம்தான் ஞாபகம் வரும். ஜெயம் ரவி அந்தக் கட்டத்தில அமைதியா நிண்டார், எனக்குப் பிடிச்சது. ஆனா பின்னால தெரிஞ்ச காடு எங்கட காடில்ல. தாய்லாந்தில போய் எடுத்தாங்க. நடிகரைப் பற்றி இவ்வளவு அடிபடுறம், மரத்துக்கு ஆள் தேடினதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கல்ல.

நிலாவெளி ரீ கடை:
பாலை மரம் நடிக்கச் சம்மதிக்கல்லயாம் 🙂

கிண்ணியாக் கரை:
அது சரி, எப்பவும் சோழ நாட்டுக் கதைக்குத்தானா நாங்க அடிபடோணும்? மூதூர் வ.அ. இராசரத்தினம் சேர் எழுதின தோணி இரிக்கி. சிறுகதைதான், நாவல் இல்ல. சொந்தமா ஒரு தோணிக்கு ஏங்குற மீனவப் பொடியன்ட கதை. அதைப் படமா எடுத்தா ஆரைப் போடுவீங்க? சென்னையில இருந்து ஆள் கொண்டுவந்தா நான் கல்லெறிவன், இப்பவே சொல்லிட்டன்.

வாசிகசாலை:
நம் நாட்டில் அதற்கு முன்மாதிரி உண்டு. செங்கை ஆழியானின் வாடைக்காற்று 1978இல் படமானது. "சுராங்கனி" பாடிய ஏ.ஈ. மனோகரனும் அதில் நடித்தார். மேடையில் கோட்டுப் போட்டு ஆடிய பொப் பாடகரை மீனவர் கதைக்குள் ஏற்பார்களா என்ற கேள்வி அன்றும் எழுந்திருக்கும். சிங்களத்தில் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் கம்பெரலிய நாவல் 1963இல் படமாக வந்தபோது, பியல் வேடத்துக்கு இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் தேர்ந்தது நாடகக்காரரான ஹென்றி ஜயசேனவை. பெரிய வீட்டுப் பெண்ணை விரும்பத் துணிவில்லாமல் விரும்பும் ஆங்கில வாத்தியார் பியல். ஜயசேன அதிகம் பேசாமல் அதைச் செய்தார். உவர்மலைத் தம்பியின் "வாய்" கொள்கை அங்கே உதவாது, பியலுக்கு மௌனம்தான் வேண்டும்.

ஊர் ஆளைப் போட்டால் மட்டும் சரியாகிவிடும் என்பதையும் நான் ஏற்கவில்லை. கரைவலை இழுப்பவரிடம் கமெராவைத் திருப்பினால், வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டே தொண்டையில் நின்றுவிடும். நடிப்பு வேறு தொழில்.

கிண்ணியாக் கரை:
சேர் சொல்றது பாதி சரி. எங்கட சாச்சா ஒருத்தரிரிக்காரு, கலியாண வீடியோக்காரனைக் கண்டாலே சலூட் அடிச்ச மாதிரி நிப்பாரு. ஆனா பழக்கினா வரும். சென்னை நடிகரைக் கடலுக்குப் பழக்கிறதா, கடல்காரனைக் கமெராவுக்குப் பழக்கிறதா எண்டு கேட்டா, ரெண்டாவது செலவு குறைவு.

உவர்மலை மான்:
கொட்டியாரம் அக்கா சொன்ன "வெறுமை" கதையை அம்மாக்கு வாசிச்சுக் காட்டினன். "அந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்கு" எண்டா. எனக்குச் சொன்னதில்ல அப்படி ஒருநாளும்.

பிறகு நான் கேட்டன், "சரி அம்மா, படத்தில ஆராவது ஒருத்தர் அப்படியே வந்திருக்கிறாங்களா?" உடனே சொன்னா, யோசிக்கவேயில்ல: "ஆழ்வார்க்கடியான்."

இப்ப பாருங்க வேடிக்கையை. கதையில வைஷ்ணவ ஒற்றன் ஆழ்வார்க்கடியான் கட்டையன், குண்டன். ஜெயராம் நல்ல உயரம். வயிறு மட்டும் வைச்சுக்கொண்டு வந்தார். மணியத்தின்ட படத்தோட எந்த விதத்திலயும் சேராது. ஆனா அம்மாக்கு அவன் "அப்படியே". அப்ப கோட்டைவாசல் அண்ணன், மணியம் எங்க போனார்?

கோட்டைவாசல்:
ஆழ்வார்க்கடியானை ஆரும் காதலிச்சு வாசிக்கல்ல தம்பி. அதால ஆர் வந்தாலும் சரி.

கொட்டியாரம்:
ஐயோ, கோட்டைவாசல் அண்ணன் முதல் தரமா உண்மை சொல்லிட்டார். அப்ப நாங்க எல்லாரும் வந்தியத்தேவனைக் காதலிச்சிருக்கிறம், கார்த்தி எங்கட மாப்பிள்ளையைப் பறிச்சிட்டார், அதுதானே வழக்கு?

கோட்டைவாசல்:
நான் ஆம்பிளை பிள்ளை.

நிலாவெளி ரீ கடை:
அதுக்கென்ன அண்ணன் 😂😂

உவர்மலை மான்:
அம்மாட்ட இதையும் கேட்டன். சிரிச்சா. பதில் சொல்லல்ல. எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, இரண்டாம் பாகம் எப்ப போடுவாங்க எண்டு கேட்டா.