ஃபோனீம், அலோஃபோன்: டெக்ஸ்ட் புக்ல சொன்ன மாதிரி பேப்பர் ஆடவே மாட்டேங்குது, யாராச்சும் புரிய வைங்க

முதல்செமஸ்டர்:
வணக்கம் மக்களே. பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சுட்டு எம்.ஏ மொழியியல் சேர்ந்திருக்கேன். நாக்கு எங்க தொடுது, உதடு என்ன பண்ணுதுங்கற பாடம் வரைக்கும் ஓகே, கண்ணாடி பாத்தே படிச்சுட்டேன். ஃபோனாலஜி (ஒரு மொழில ஒலிகள் எப்படி வேலை செய்யுதுங்கற பாடம்) வந்ததும்தான் சரிஞ்சேன், முதல் இன்டர்னல்ல 25க்கு 9.

புக்ல என்ன போட்டிருக்குன்னா, வாய்க்கு முன்னாடி மெல்லிசா ஒரு பேப்பரப் புடிச்சுக்கிட்டு இங்கிலீஷ்ல பின், ஸ்பின் ரெண்டையும் சொல்லு, பின்னுக்கு பேப்பர் ஆடும், ஸ்பின்னுக்கு ஆடாது, அந்த ரெண்டு ப-வும் ஒரே ஃபோனீமோட (அர்த்தத்தப் பிரிக்கிற ஒலி) அலோஃபோன்னு (அதோட வேற வேற உச்சரிப்பு). ஹாஸ்டல்ல டிஷ்யூ எல்லாம் ஏது, பஸ் டிக்கெட்டப் புடிச்சுக்கிட்டு இருபது தடவை சொல்லிப் பாத்தேன், ரெண்டுக்கும் ஆடல. ரூம்மேட் பீகார் பையன், குடுன்னு வாங்கிச் சொன்னான், அவனுக்கும் ஆடல. ஆனா ஹிந்தில பழத்துக்கு ஒரு வார்த்தை சொன்னான் பாருங்க, டிக்கெட் அப்படியே மடங்கிருச்சு. அதே வார்த்தைய காத்து விடாம சொன்னா நொடின்னு அர்த்தமாம். அவங்களுக்கு ரெண்டும் வேற வேற எழுத்து.

ஆக புக்ல அது ஒண்ணு, ரூம்மேட்டுக்கு ரெண்டு, எனக்கு வரவே இல்ல. இதுல எது சரி? இன்னொண்ணு, கடல்-ல வர்ற க, தங்கம்-ல வர்ற க ரெண்டும் ஒரே ஃபோனீமான்னு கேட்டிருந்தாங்க, சத்தம் வேறதானேன்னு ரெண்டுன்னு எழுதினேன், முட்டை. ஏன்னு சொல்லித் தரல, அடுத்த யூனிட்டுக்குப் போயிட்டாங்க.

பழையசீனியர்:
நண்பா, பேப்பர் ஆடாதது உங்க தப்பில்ல. நம்ம ஊர் இங்கிலீஷ்ல அந்த காத்து கிடையாது, லண்டன்காரன் வாய்க்கு எழுதின உதாரணம் அது. அத நம்ம வாய்ல தேடச் சொன்னா எங்க கிடைக்கும். நானும் முதல் வருஷம் இதுலயே ஒரு மாசம் முட்டிக்கிட்டேன்.

மூணுமே சரிதான். சத்தம் வேறயா இல்லையாங்கறது கேள்வியே இல்ல, அந்த வித்தியாசத்த வச்சு அந்த மொழி அர்த்தத்தப் பிரிக்குதாங்கறதுதான் கேள்வி. ஹிந்தி பிரிக்குது, நொடி பழமாயிடுது, அதனால ரெண்டு ஃபோனீம். இங்கிலீஷ்காரனுக்கு காத்து விட்டாலும் விடாட்டியும் பின் பின்தான், அவன் விடுறதே அவனுக்குத் தெரியாது, அதனால ஒரு ஃபோனீம்.

இப்ப க-வுக்கு வாங்க. நோட்ல வார்த்தைகளப் போட்டு, க-வுக்கு முன்னாடி என்ன வருது பின்னாடி என்ன வருதுன்னு எழுதுங்க. கடல், கல்: வார்த்தை தொடக்கம். பக்கம், அக்கா: ரெட்டிச்சு வருது. இங்கெல்லாம் வல்லோசை. தங்கம், சங்கு: ங் பின்னாடி, மெத்துனு வருது. மகன், அகலம்: ரெண்டு உயிருக்கு நடுவுல, சில பேர் வாய்ல ஹ மாதிரியே ஆயிடும். ஒரு ஒலி வர்ற இடத்துல இன்னொண்ணு வராது பாருங்க. இடத்த சொன்னா எந்த ஒலின்னு நானே சொல்லிடுவேன், அப்ப அத வச்சு அர்த்தம் எப்படிப் பிரிக்க முடியும்? அதான் ஒரே ஒலியன் (ஃபோனீம்), இந்த மூணும் அதோட மாற்றொலி (அலோஃபோன்).

தொண்டைல ரெண்டு விரல் வச்சுக்கிட்டு பக்கம்னு நிதானமா சொல்லுங்க, நடுவுல அதிர்வு நின்னு மறுபடி வரும். தங்கம் சொல்லுங்க, நிக்காது. ங் ஏற்கனவே அதிர்ற ஒலி, பின்னாடி வர்ற க அந்த ஓட்டத்துலயே சேந்துக்குது. விரல் நம்பிக்கை இல்லன்னா ப்ராட்னு ஒரு சாஃப்ட்வேர் ஃப்ரீயாவே கிடைக்கும், ரெக்கார்ட் பண்ணிப் பாத்தா படமாவே தெரியும். கம்ப்யூட்டர் ஆளு, உங்களுக்குப் புடிக்கும்.

நம்ம எழுத்துல ஹிந்தி மாதிரி நாலு க இல்லையேன்னு சில பேர் குறையா பேசுவாங்க. தேவைப்படல, வைக்கல, அவ்ளோதான். தொல்காப்பியம் 30 எழுத்துன்னு எண்ணும்போது எண்ணினது கிட்டத்தட்ட ஃபோனீமத்தான்.

எதிர்க்கட்சி:
சீனியர் சொன்னது செந்தமிழுக்கு சரி, ஆனா இன்னிக்குப் பேசுற தமிழுக்கு இத அப்படியே எழுதினா வைவால மாட்டுவீங்க. பாவம் பையன்னு சொல்றப்ப வர்ற பாவம், டான்ஸ் க்ளாஸ்ல முகத்துல பாவம் பத்தலன்னு சொல்ற பாவம், ரெண்டையும் வாய்விட்டு சொல்லிப் பாருங்க. மத்ததெல்லாம் ஒண்ணு, முதல் ப மட்டும் வேற, அர்த்தமும் வேற. சுத்தமான மினிமல் பேர், அதாவது ஒரே ஒரு ஒலி மட்டும் மாறி அர்த்தம் மாறுற ஜோடி. டைப் பண்றப்பவே பாருங்க, ரெண்டையும் நான் ஒரே மாதிரிதான் அடிக்க முடியுது, அதனாலதான் யார் கண்ணுலயும் படல.

அது சமஸ்கிருதத்துலேந்து வந்ததுன்னு சொல்லுவீங்க. வந்தா என்ன, பேசுறது நாமதானே. குண்டு பையன்னு சொல்றப்ப எத்தன பேர் கடல்-ல வர்ற க போட்டு சொல்றீங்க? தொடக்கத்துல மெல்லோசை (தங்கம்-ல வர்ற க மாதிரி அதிர்ற ஒலி) வராதுங்கற ரூல் பேச்சுல எப்பவோ உடைஞ்சாச்சு. பரீட்சைல எந்தத் தமிழப் பத்தி எழுதுறோம்னு முதல் வரியிலயே சொல்லிட்டு ஆரம்பிங்க.

முதல்செமஸ்டர்:
ஐயோ, விரல் வச்சுப் பாத்தேன், நிஜமாவே நிக்குது! ரெண்டு பேருக்கும் நன்றி. ஒரே ஒரு டவுட்டு. இதே மாதிரி ந, ன-வ நோட்ல போட்டுப் பாத்தேன். ந வார்த்தை தொடக்கத்துலயும் த-வுக்கு முன்னாடியும் மட்டும்தான் வருது, மத்த இடமெல்லாம் ன. அப்ப இதுவும் ஒரே ஃபோனீம்தானே, எழுத்து மட்டும் ஏன் ரெண்டு?

வடமராட்சி:
தம்பி, நல்ல கேள்வி. வெந்நீர், செய்நன்றி மாதிரி ரெண்டு சொல் சேர்ந்த இடத்தில ந நடுவிலயும் வரும், ஆனா அதைத் தள்ளிப்போட்டுப் பாத்தா நீங்கள் சொல்லுறது சரி.

பள்ளிக்கூடத்தில படிச்ச இன எழுத்தை நினைச்சுப் பாருங்கோ. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, கடைசியா ன-ற. ந சொல்லேக்க நாக்கு த மாதிரி பல்லில, ன சொல்லேக்க ற மாதிரி பல்லுக்கு மேல முரசில (ஈறில). ரெண்டும் வேற இடத்தில பிறந்த ஒலி. இப்ப ஒண்டாக் கேக்குது, எழுத்து மட்டும் பழசைப் பிடிச்சு வைச்சிருக்கு.

ற எப்பிடி க, ச, ட-வோட சேர்ந்து வல்லினம் ஆனது எண்டு உங்கட ஆக்களுக்கு விளங்கிறதில்லை, ஏனெண்டா நீங்கள் காற்று எண்டதை வாசிக்கேக்க ட்ர எண்டு வாசிக்கிறியள், பேசேக்க காத்து எண்டு பல்லுக்குக் கொண்டு போறியள். நாங்கள் யாழ்ப்பாணத்தில அதை ட்-டும் இல்லாமல் த்-தும் இல்லாமல் நடுவில சொல்லுவம். இங்கிலீசில ரீவி (டிவி), ரிக்கெற் (டிக்கெட்) எல்லாத்திலயும் வாற ஒலி எங்கட காதுக்கு அந்த இடம்தான். அதாலதான் நீங்கள் டொரன்டோ எண்டு எழுதிற ஊரை நாங்கள் ரொறன்ரோ எண்டு எழுதுறம். இதை வைச்சு உங்கட ஆக்கள் பகிடி பண்ணுறவை, பரவாயில்லை.

பக்கத்தில மலையாளி யாரும் இருந்தால் குத்தி, குற்றி, குட்டி மூண்டையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கோ. முதலாவது குத்தினது, ரெண்டாவது முளைக்குச்சி, மூண்டாவது பிள்ளை.

முதல்செமஸ்டர்:
அண்ணா, இப்பதான் மெஸ்ல பாலக்காட்டுப் பையன் ஒருத்தனப் புடிச்சு சொல்ல வச்சேன். குத்தி தனியா கேக்குது. மத்த ரெண்டும் எனக்கு ஒண்ணுதான். பத்து தடவை சொல்லியும் நான் மாத்தி மாத்திச் சொல்றேன், அவன் இதுகூடவா தெரியலன்னு சாப்பாட்ட விட்டுட்டு என்னையே பாக்குறான். ப்ராட் இறக்கிட்டேன், நாளைக்கு அவன ரெக்கார்ட் பண்ணிப் பாக்குறேன்.