மறு: குழியில் கிடந்து இரை பிடிக்கும் பூச்சிக்குக் கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் நேற்று இரவு ஒரே மூச்சில் படித்தேன். முதலில் என் பிழையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். குழியானை பற்றிய என் கட்டுரைக்காக, இரையைத் தேடிப் போகாமல் ஓரிடத்திலேயே காத்திருந்து பிடிக்கும் ‘சிட் அண்ட் வெய்ட் பிரிடேட்டர்’ வகையின் வேட்டைக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். அதற்கு நான் சொன்ன ‘பதிவேட்டை’ வேண்டாம். பதியிருத்தல் என்றால் மறைந்து காத்திருத்தல். நல்ல பழஞ்சொல், வேட்டையோடு சேர்த்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். “குழியானை பதிவேட்டை விரைவாகக் கற்றுக்கொள்கிறது” என்று கட்டுரையில் எழுதிப் பார்த்தபோதுதான் திருச்சி நண்பர் ஏன் அப்படிச் சிரித்தார் என்று உறைத்தது. பதிவேட்டைக் கற்றுக்கொண்டு அது எந்த அலுவலகத்தில் எழுத்தராகப் போகிறது!

அடுத்து வந்த ‘காத்துண்ணி’யும் அதே கதைதான். எழுத்தில் காத்திருந்து உண்பது; வாய்விட்டுச் சொன்னால் காற்றைத் தின்பது. மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் பூச்சிக்கு அதுவும் பொருந்தும் என்று அக்கா எழுதியதை ரசித்தேன். ஆனால் மாணவர்கள் படிக்கும் கட்டுரையில் வைக்க முடியாது. தவிர, உண்ணி என்றாலே நாய்க்காதில் ஒட்டியிருப்பதுதான் பலருக்கு நினைவு வரும்.

நான் கொஞ்சம் விரிவாக மறுக்க நினைப்பது ஐயா சொன்ன ‘அசையாக் கொன்றுண்ணி’யை.

> அது தேடிப் போவதில்லை, துரத்துவதில்லை. விழுந்ததைத் தின்கிறது. அசையாமை என்பதுதானே அதன் தன்மை?

ஐயா, குழியானையைக் கிட்ட உட்கார்ந்து பார்த்தவர்கள் அசையாமை என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் பழைய வீட்டுத் திண்ணையோரம், மழை படாத புழுதியில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புனல் மாதிரிக் குழிகள் வரிசையாக இருக்கும். பின்பக்கமாகவே நகர்ந்து, சுற்றிச் சுற்றி வந்து, தலையால் மண்ணை எற்றி எற்றித் தோண்டிய குழி அது. சரிவு எவ்வளவு செங்குத்து என்றால், இன்னும் கொஞ்சம் கூடினால் மண் தானே சரிந்துவிடும். எறும்பு ஒன்று விளிம்பில் கால் வைத்தால் மண் உருளும். ஏறப் பார்க்கும் எறும்பின் மேல் அடியிலிருந்து மண் தெறிக்கும். அப்புறம் இரண்டு கொடுக்குத் தாடைகள். எறும்பின் உள்ளிருப்பதை உறிஞ்சிவிட்டு, சக்கையைக் குழிக்கு வெளியே தூக்கி எறிந்துவிடும். ஈர்க்குச்சியால் விளிம்பைச் சுரண்டி அதை ஏமாற்றுவது எங்களுக்கு ஒரு கோடை விடுமுறைப் பொழுதுபோக்கு.

அசையாது, ஆகவே கற்கவும் கற்காது என்ற எண்ணம்தான் ஆய்வாளர்களிடமும் நெடுநாள் இருந்தது. கற்றல் என்பது உணவைத் தேடி அலையும் பூச்சிக்குத்தான் பயன்படும் என்று கருதினார்கள். அதற்கு நல்ல உதாரணமும் இருந்தது. தேனீக்களைப் பிடித்துத் தன் புழுக்களுக்குக் கொண்டுவரும் குளவியின் வளையைச் சுற்றி விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன் நெதர்லாந்தில் பைன் காய்களை வட்டமாக அடுக்கினார். குளவி வெளியே போயிருந்த நேரத்தில் அந்த வட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். தேனீயோடு திரும்பிய குளவி காய்களின் நடுவில் இறங்கி, இல்லாத வாசலைத் தேடியது. 1932இல் வெளியான ஆய்வு. வேட்டைக்குப் போய் வரும் பூச்சி வழியைக் கற்றாக வேண்டும், சரி. குழிக்குள் கிடக்கும் பூச்சிக்குக் கற்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. அமெரிக்காவின் மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் கேரன் ஹோலிஸ் குழுவினர் குழியானைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு இரை வருவதற்குச் சற்று முன் ஒரு சிறு அதிர்வு. மற்றதற்கும் அதே அதிர்வு, அதே இரை. ஆனால் அதிர்வுக்கும் இரைக்கும் நேரப் பொருத்தம் கிடையாது. 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் கூட்டத்தில் பாதிப் பூச்சிகள் 46 நாளில் கூட்டுப்புழு ஆகிவிட்டன. இரண்டாவது கூட்டத்தில் 70ஆம் நாள் ஆய்வு முடிந்தபோதும் பாதியை எட்டவில்லை. அதிர்வை முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டவை கிடைத்த இரையிலிருந்து கூடுதலாகச் சத்தை எடுத்திருக்கின்றன. குழிக்குள் கழிக்கும் புழுப்பருவம்தான் அதற்கு ஆபத்தான காலம். அது சுருங்கியது சின்ன லாபம் இல்லை. இவ்வளவும் சொல்லப் போகும் கட்டுரையின் தலைப்பிலேயே ‘அசையா’ என்று போட்டால் முதல் சொல்லே பொய்யாகிவிடும்.

ஆகவே என் புது முன்மொழிவு: கிடைவேட்டை.

கிடை என்றால் ஆட்டுக்கிடைதானே என்று கேட்பீர்கள். ரேஷன் கடை வாசலில் கிடையாய்க் கிடந்து வாங்கி வந்தேன் என்கிறோமே, அந்தக் கிடை. சும்மா படுத்திருப்பது அல்ல; ஒன்று வேண்டும் என்று இடத்தை விடாமல் இருப்பது. ஆங்கிலச் சொல்லில்கூட இந்தப் பிடிவாதம் இல்லை. கிடைத்ததைப் பிடிப்பது என்ற பொருளும் காதில் விழுகிறது, அதுவும் உண்மைதான்.

இதற்கு எதிர்ச்சொல்லாக ‘அலைவேட்டை’ என்று வைத்திருந்தேன். கடலில் நடக்கிற வேட்டையா என்று வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். மேலும் டின்பெர்கனின் குளவி அலையவில்லை, போன வழியே சரியாகத் திரும்புகிறது. எனவே ‘தேடுவேட்டை’. தேடு வினைத்தொகை, கிடை பெயர், இரண்டும் ஒரே அச்சில் இல்லையே என்று ஐயா குறிப்பிடலாம். எனக்கு அது உறுத்தவில்லை.

கும்பிடுபூச்சியை எங்கே சேர்ப்பது என்று கோவையிலிருந்து கேட்டிருந்தார்கள். அதைக் கிடைவேட்டையில் சேர்க்க எனக்கு மனமில்லை. அது பொறி எதுவும் கட்டுவதில்லை, செடியோடு செடியாக நின்று சட்டென்று முன்கால்களை வீசுகிறது, பிடிக்கவில்லை என்றால் வேறு கிளைக்குப் போய்விடுகிறது. அதற்குப் ‘பதுங்குவேட்டை’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இரண்டையும் பல இடங்களில் கலந்தே எழுதுகிறார்கள், நாமும் கலக்க வேண்டியதில்லை.

குழியானையா குழிநரியா என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. எங்கள் ஊரில் குழியானை, அதனால் அப்படியே எழுதுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் குழிநரியையும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறேன்.

வியாழக்கிழமை கட்டுரை அச்சுக்குப் போகிறது. கிடைவேட்டையிலும் இப்படி ஏதாவது பதிவேடு ஒளிந்திருந்தால் புதன் இரவுக்குள் சொல்லுங்கள்.